மறு: கிளைகோசைல்டிரான்ஸ்ஃபரேசுக்கு என்ன பெயர்?

> பேசாமல் 'சர்க்கரை மாற்றி' என்று வைத்துவிடலாமே, டிரான்ஸ்ஃபரேஸ்தானே?

வணக்கம் ஐயா,

கிளைகோசைல்டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதிக்குத் தமிழ்ப்பெயராக 'மாற்றி' எனக்கு ஒட்டவில்லை. அந்த நொதி சர்க்கரையை வேறொன்றாக மாற்றுவதில்லை. யுடிபி (UDP) என்ற மூலக்கூறு சுமந்து வருகிற சர்க்கரையை வாங்கி டிரைடெர்ப்பீன் என்ற தாவரச் சேர்மத்தின் மேல் வைக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. வல்லாரையையே பாருங்கள். ஆக்சிடோஸ்குவாலீன் என்ற நீளச் சங்கிலியை ஒரு நொதி மடக்கி ஐந்து வளையமுள்ள ஆல்ஃபா அமைரினாக்குகிறது, பி450 நொதிகள் அதில் ஆக்சிஜனைச் சேர்த்துச் சேர்த்து ஏசியாட்டிக் அமிலம் வரை கொண்டுபோகின்றன, அப்புறம்தான் நம் ஆள் வருகிறார். 28ஆம் கார்பன் பக்கம் ஒரு குளுக்கோஸ், அதன்மேல் இன்னொரு குளுக்கோஸ், நுனியில் ராம்னோஸ். மூன்றும் அமர்ந்தால் ஏசியாட்டிகோசைடு என்ற வல்லாரைச் சேர்மம்.

'சர்க்கரையேற்றி' என்று இன்னொருவர் சொன்னது பொருளில் சரிதான். ஆனால் சர்க்கரை ஏறிப்போச்சு என்று டாக்டரிடம் ஓடுகிற ஊர் இது. 'வல்லாரையில் சர்க்கரையேற்றி நொதிகள் உள்ளன' என்று எழுதினால் பாதிப்பேர் அந்தக் கீரையையே விட்டுவிடுவார்கள்! இலங்கைப் பாடநூல் வழக்கான 'வெல்லம்' நல்ல சொல், இங்கே அதைப் படிப்பவருக்கோ அச்சுவெல்லம்தான் தோன்றும்.

என் பரிந்துரை: சர்க்கரைசூட்டி. முடிசூட்டு, பெயர்சூட்டு என்று ஏற்கெனவே புழங்குகிற வினை, ஒன்றின் மேல் ஒன்றை வைப்பது என்ற பொருளும் கெடவில்லை. எந்தச் சர்க்கரை என்று தெரிந்தால் குளுக்கோஸ்சூட்டி, ராம்னோஸ்சூட்டி என்று பிரித்தும் சொல்லலாம். எதிர்வேலைக்கும் சொல் கிடைக்கிறது. அதிமதுரத்தின் கிளிசிரைசினில் இரண்டு குளுக்குரோனிக் அமிலங்கள் இருக்கின்றன, நாம் விழுங்கியபின் குடல் பாக்டீரியாக்களின் நொதிகள் அவற்றைக் கழற்றிவிடுகின்றன, அந்த நொதிகளைச் சர்க்கரைகழற்றி என்போம்.

> மொத்தக் குடும்பத்துக்கும் 'நுரையம்' போதாதா?

டிரைடெர்ப்பீன் கிளைக்கோசைடுகளுக்கு, அதாவது சர்க்கரை சேர்ந்த டிரைடெர்ப்பீன்களுக்கு, அது போதாது. நெருஞ்சிலில் இருப்பவையும் சப்போனின்கள், அதாவது நீரில் நுரைக்கும் சேர்மங்கள்தான், ஆனால் அவை ஸ்டீராய்டு வகை, டிரைடெர்ப்பீன் அல்ல. நுரையத்தைச் சப்போனினுக்கு வைத்துக்கொண்டு டிரைடெர்ப்பீன் கிளைக்கோசைடு என்ற பெயரை அப்படியே விடலாம். 'முத்தெர்ப்பீன்' என்று மாற்றினால் மாணவர் மூன்று அலகுகளைத் தேடுவார், அங்கே இருப்பதோ 30 கார்பன், அதாவது ஐந்து கார்பன் கொண்ட ஐசோப்ரீன் அலகுகள் ஆறு.

சங்கிலியை மடக்கும் சைக்ளேசுக்கு 'வளையமாக்கி' என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.