மகள் கொரியாவில்: சுசோக்குக்குப் போறதா, தீபாவளிக்குப் போறதா? என்ன கட்டிக்கிட்டுப் போகலாம்?

சுங்கை சிப்புட் பாட்டி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மலேசியாவில், மகள் குடும்பம் கொரியாவில், சுவோன் நகரத்தில். மாப்பிள்ளை கொரியர். பேரனுக்கு நாலு வயசு, பேத்திக்கு அக்டோபர் கடைசியில் ஒரு வயசு முடியுது. இந்த வருசம் ஒரு தடவைதான் போய்வர முடியும். செப்டம்பரில் அவங்க அறுவடைப் பண்டிகையான சுசோக்குக்குப் போறதா, நவம்பரில் நம்ம தீபாவளிக்குப் போறதா? எதைக் கட்டிக்கிட்டுப் போகணும், எது அங்கேயே கிடைக்கும்? முறுக்கு மாவு இங்கே மில்லில் அரைச்சுக் கொண்டுபோகலாம்னு இருக்கேன். பண்டிகைக்கு மாமியார் வீட்டில் மகள் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்? நாங்க மாட்டிறைச்சி சாப்பிடுறதில்லை, அதையும் சொல்லுங்க.

ரெண்டாம் டிவிசன்

அம்மா, தீபாவளிக்கே போங்க. 2026ல் சுசோக் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. முந்தின நாளும் மறுநாளும் சேர்த்து மூணு நாள் விடுமுறை. அந்த நேரத்தில் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். ரயில் டிக்கெட்டு பல வாரம் முன்னாடியே முன்பதிவில் தீர்ந்திடும். சாலையிலும் வழக்கமான நேரத்தைப்போல ரெண்டு மடங்கு ஆகும். பண்டிகை அன்னிக்குப் பெரிய கடைகள் பலதும் மூடியிருக்கும். மகள் அந்த மூணு நாளும் மாமியார் வீட்டு அடுப்படியில்தான் நிப்பாங்க. நீங்க போனா அவங்களுக்கு ரெண்டு பக்கமும் வேலை.

தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அங்கே பொது விடுமுறை இல்லாட்டியும் ஞாயிறா அமைஞ்சது பெரிய உதவி, மாப்பிள்ளையும் வீட்டில் இருப்பார். அக்டோபர் 24, 25 வாக்கில் இறங்கினா பேத்தியோட முதல் பிறந்தநாளும் சேர்ந்துக்கும். அதுக்குத் 'தோல்' என்று பேர், அவங்களுக்கு அது கல்யாணம் மாதிரி பெரிய விசேஷம். திரும்பி வர்ற தேதி போடுறதுக்கு முன்னாடி சம்பந்தி வீட்டில் கிம்ச்சி ஊறுகாய் போடுற நாள் எதுன்னு கேட்டுக்குங்க. நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரத்துக்குள் குடும்பமே கூடிச் செய்வாங்க. நீங்க நின்னு கைகொடுத்தா சம்பந்தியம்மா மனசு குளிரும்.

அடுத்த வருசம் புத்தாண்டுக்குப் போக நினைச்சா ஒரு எச்சரிக்கை. 2027ல் நம்ம ஊர்ச் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. கொரியாவோட சியோல்லால் பிப்ரவரி 7. அமாவாசை விழுறது நம்ம நேரப்படி 6ஆம் தேதி ராத்திரி 12 மணி நெருங்கும்போது. கொரியா நமக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, அங்கே அதுக்குள் 7ஆம் தேதி பிறந்திடும். பக்கத்து வீட்டுச் சீனர் காலண்டரைப் பார்த்து டிக்கெட்டு எடுத்தா ஒரு நாள் தப்பும்.

மாவு மில்

மாவு கொண்டுபோறது சரியான யோசனைதான் அம்மா. ஆனா பிளாஸ்டிக் பையில் பேர் இல்லாத வெள்ளை மாவா கொண்டுபோகாதீங்க, சுங்கத்தில் நிறுத்திக் கேள்வி கேப்பாங்க. கடையில் லேபிள் ஒட்டி சீல் வைச்ச பாக்கெட்டா 3 கிலோ வாங்கிக்குங்க.

அங்கே அரிசி மாவு இல்லாம இல்லை. வகை தெரியாம வாங்கினா முறுக்கு கெட்டுப்போகும், அதான் விஷயம். 'மெப்சல்' என்றால் சாதா அரிசி, 'சாப்சல்' என்றால் நம்ம ஊர்ப் புலூட், அதாவது ஒட்டும் அரிசி. சாப்சல் மாவில் முறுக்கு பிழிஞ்சா எண்ணெயில் உப்பி வெடிக்கும், ஆறினதும் ரப்பர் மாதிரி இழுக்கும். மெப்சலிலும் ரெண்டு விதம். உறைபதனப் பெட்டியில் இருக்கிறது ஈர மாவு. அது அவங்க மாவுப் பணியாரத்துக்கு ஊறவைச்சு அரைச்சது, பல நேரம் உப்பும் கலந்திருக்கும். அதை வாங்கி உப்பும் தண்ணியும் வழக்கம்போல போட்டா மாவு கூழாயிடும். அலமாரியில் இருக்கிற உலர்ந்த மாவைத்தான் எடுக்கணும். அதுவும் அவங்க குட்டை அரிசி, ஒட்டும் தன்மை கூட. முறுக்கு எண்ணெய் குடிக்கும், ரெண்டாம் நாளே நமுத்திடும். கொண்டுபோன மாவு தீர்ந்துட்டா பாஸ்மதியை 2 மணி நேரம் ஊறவைச்சு, துணியில் உலர்த்தி, மிக்சியில் அரைச்சுச் சலிக்கிறது மேல்.

அளவு: அரிசி மாவு 4 கப், வறுத்து அரைச்ச உளுந்து மாவு 1 கப், வெண்ணெய் 50 கிராம், எள் 1 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. தண்ணியை ஒரேயடியா ஊத்தாம தெளிச்சுப் பிசைங்க.

உளுந்து, புளி, வெல்லம், கடலை மாவு எல்லாம் மகளுக்கு எட்டுற தூரத்திலேயே இருக்கு. சுவோனிலிருந்து சுயின் பூன்டாங் ரயிலில் ஏறினா மாறாமலே ஆன்சான் நிலையத்தில் இறங்கலாம். நிலையத்துக்கு எதிரே வொன்கோக் தோங், வெளிநாட்டுத் தொழிலாளர் நிறைந்த இடம், தெற்காசியச் சாமான் கடைகள் அங்கே உண்டு. சியோலில் இத்தேவான் பள்ளிவாசல் தெருவிலும் கிடைக்கும். பாசிப்பருப்பைச் சுமக்கவே வேணாம். 'கொப்பி நொக்து' என்று தோல் நீக்கின பாசிப்பயறு எல்லா மார்க்கெட்டிலும் விக்குது. அவங்க பருப்படைக்கு ஊறப்போடுறது அதைத்தான். ஜனவரியில் பொங்கலுக்கும் அதுவே போதும்.

கறிவேப்பிலை, வாழை இலை, மாவிலை, வெத்தலை, பழம், பூ எதையும் பச்சையா எடுக்காதீங்க. தாவரத் தடைக்காப்புச் சான்று இல்லாம வந்தா விமான நிலையத்திலேயே வாங்கிப் போட்டுடுவாங்க. இறைச்சி எந்த வடிவத்திலும் வேணாம், அறிவிக்காம கொண்டுபோனா அபராதம் பெரிசு. கறிவேப்பிலையை நல்லாக் காயவைச்சுப் பொடியாக்கி, பருப்புப் பொடியோட கலந்து கொண்டுபோங்க. வாசம் பாதி வரும், அவ்வளவுதான்.

பால்மரத்தடி

மாவு மில் சொன்னதோடு ஒண்ணு சேர்க்கணும்: நல்லெண்ணெய் கட்டாயம் ஒரு புட்டி பெட்டியில் போடுங்க. கடையில் 'சாம்கிரும்' பார்த்து எள்ளெண்ணெய்தானே என்று மகள் வாங்கிடக்கூடாது. அது எள்ளைக் கருக வறுத்துப் பிழிஞ்சது, சாப்பாட்டில் கடைசியா ஒரு சொட்டு விடுறதுக்கு. தலையில் வைச்சா ரெண்டு நாளைக்கு வறுத்த வாசம் போகாது, விளக்கில் ஊத்தினாப் புகையும்.

அடுப்பும் பார்க்கணும். புது அடுக்குமாடி வீடுகளில் பலதும் மின் அடுப்பு. குழிவான இரும்புச் சட்டி அதில் உக்காராது. அங்கே எல்லார் வீட்டிலும் சின்னக் கேஸ் குடுவை போடுற மேசை அடுப்பு ஒண்ணு இருக்கும், பலகாரம் சுட அதை எடுத்துக்கலாம். ஆனா சட்டியோட அகலம் அடுப்பைத் தாண்டி, குடுவை இருக்கிற மூடி மேலே வரக்கூடாது. சட்டிச் சூடு திரும்பிக் குடுவையில் அடிச்சா வெடிக்கும். ரெண்டு அடுப்பை ஒட்டி வைச்சு ஒரே பெரிய சட்டி ஏத்துறதும் அதே ஆபத்துதான். 24 சென்டிமீட்டர் சட்டிக்கு மேலே போகாதீங்க, ஜன்னலைத் திறந்து வைங்க. சுட்ட எண்ணெயைத் தொட்டியில் கொட்டக்கூடாது. பல குடியிருப்புகளில் குப்பை பிரிக்கிற இடத்திலேயே அதுக்குத் தனி டின் இருக்கும்.

விடியக்காலை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறது சரி, 5 மணிக்கு மிக்சி ஓட்டாதீங்க, பிள்ளையை ஓடவிடாதீங்க. கீழ்வீட்டுக்காரர் சத்தத்துக்காகப் புகார் கொடுக்கிறது அங்கே சாதாரணம். சட்னியை முந்தின சாயங்காலமே அரைச்சு வைச்சுடலாம்.

கோலத்துக்கும் யோசிக்கணும். நடைவழி பொது இடம், துப்புரவுக்காரர் பெருக்கிடுவார். உள்ளே கதவைத் திறந்ததும் ஒரு படி தாழ்வா இருக்கிற இடம் செருப்பு விடுற இடம், அங்கே கோலம் போட்டா செருப்புக் காலடியில் போகும். அந்தப் படிக்கு மேலே, வீட்டுத் தரை தொடங்குற இடத்தில் ஒரு பலகையிலோ தட்டிலோ போட்டு ரெண்டு அகல் வைங்க. வர்றவங்க செருப்பைக் கழட்டி நிமிரும்போது முதலில் கண்ணில் படுறது அதுதான்.

ஓரகத்தி

மாமியார் வீட்டு விஷயம் நான் சொல்றேன் அக்கா. முதலில் அவங்க முன்னோருக்குப் படைக்கிற குடும்பமா, கிறிஸ்துவக் குடும்பமா என்று மகள் கேட்டு வைக்கணும். கிறிஸ்துவர் பலர் படையல் இல்லாம ஜெபத்தோட முடிச்சுடுவாங்க. படைக்கிற வீடுன்னா காலையில் 'சார்யே' என்ற படையல் உண்டு. நம்ம அமாவாசைப் படையல் கண்ட பிள்ளைக்கு அது புதுசா இருக்காது. அதில் மிளகாய்த்தூளும் பூண்டும் சேர்க்க மாட்டாங்க. பீச் பழம் வைக்க மாட்டாங்க. 'ச்சி' என்று பேர் முடியிற மீன் வைக்க மாட்டாங்க.

முதுகை ஒடிக்கிறது முந்தின நாள் வேலை. 'ஜொன்' என்று மீன், பூசணி, காளான் எல்லாத்தையும் மாவில் பிரட்டி முட்டையில் தோய்ச்சுத் தட்டு தட்டா சுடுவாங்க. மருமகள்கள் மணிக்கணக்கா உக்கார்ந்து செய்யிறது. உறைஞ்ச மீனைத் துணியில் ஒத்தி ஈரம் எடுக்காட்டி முட்டை வழுக்கிக் கழண்டுடும், முதல் தடவை செய்யிறவங்க எல்லாரும் இங்கேதான் திட்டு வாங்குவாங்க. மாவை மெல்லிசாப் பூசித் தட்டி உதறணும், தீ குறைவா இருக்கணும். இதில் ஒரு நல்ல சேதி: 2022 செப்டம்பரில், கன்பூசியச் சடங்குகளைக் காக்கிற சுங்கியுன்குவான் அமைப்பே, படையலுக்கு எண்ணெயில் சுட்டது அவசியமில்லை, ஒன்பது வகைக்குள் முடிக்கலாம் என்று அறிவிச்சது. அதை மருமகள் வாயால் சொல்லாம மாப்பிள்ளை தன் அம்மாகிட்ட மெதுவா எடுத்துச் சொல்லட்டும்.

சுசோக்குக்குச் செய்யிற 'சோங்பியோன்' நம்ம கொழுக்கட்டைதான். அரிசி மாவில் கொதிக்கிற தண்ணி ஊத்திப் பிசைஞ்சு, எள்ளும் சர்க்கரையும் உள்ளே வைச்சு, அரை நிலா வடிவத்தில் மூடி, பைன் ஊசியிலை மேலே அடுக்கி 20 நிமிஷம் அவிக்கிறது. தண்ணி சூடு பத்தாட்டி ஓரம் பிளக்கும், நமக்குத் தெரிஞ்ச காரணம்தான். அவிஞ்சதும் பச்சைத் தண்ணியில் ஒரு முக்கு, மேலே எள்ளெண்ணெய்ப் பூச்சு. கொழுக்கட்டை பிடிக்கத் தெரிஞ்ச கை இங்கே நிமிர்ந்து உக்காரலாம், மகளுக்குச் சொல்லுங்க.

சியோல்லாலுக்குப் பெரியவங்க காலில் விழுறதுக்குச் 'செபே' என்று பேர். ஆண்பிள்ளை இடது கையை மேலே வைக்கணும், பெண்பிள்ளை வலது கையை மேலே. துக்கத்தில்தான் இது மாறும், அதனால் பேரனுக்குச் சரியாச் சொல்லிக்கொடுங்க. அப்போ பெரியவங்க கொடுக்கிற காசை ரெண்டு கையாலும் வாங்கணும், அங்கேயே பிரிச்சு எண்ணக்கூடாது. காசு வெள்ளை உறையில் வந்தா முகம் சுளிக்காதீங்க, அங்கே அது நல்ல காரியத்துக்கும் உள்ளதுதான்.

சுங்கை சிப்புட் பாட்டி

ரொம்ப நன்றி. தீபாவளிக்கே டிக்கெட்டு பார்க்கிறேன். மாட்டிறைச்சி விஷயம் யாராவது சொல்லுங்க. பேரன் போற பிள்ளைக் காப்பகத்திலும் சாப்பாடு போடுறாங்களாம். தோலுக்குப் பாட்டி முறைக்கு என்ன செய்யணும்?

ரெண்டாம் டிவிசன்

காப்பகத்தில் மாதாமாதம் சாப்பாட்டுப் பட்டியல் வரும். ஒவ்வொரு பதார்த்தத்துக்குப் பக்கத்திலும் சின்ன எண்கள் இருக்கும். ஒவ்வாமைப் பொருள்களுக்கான எண் அது. 16 என்றால் மாட்டிறைச்சி, 10 பன்றி, 15 கோழி. கொரிய மொழி வாசிக்கத் தெரியாட்டியும் 16 இருக்கிற நாளை வட்டம் போட்டு ஆசிரியைகிட்ட கொடுத்துடலாம்.

வாயால் சொல்லணும்னா 'சோகோகி மொன் மொகொயோ', மாட்டிறைச்சி சாப்பிட முடியாது என்று. 'அன் மொகொயோ' என்றால் சாப்பிட மாட்டேன், பிடிவாதமாக் கேக்கும். மாமியார்கிட்ட முதல் வகையே நல்லது. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னாடியே சொல்லணும், தட்டு எதிரே வந்தபிறகு சொன்னா சமைச்சவங்களுக்கு வருத்தம்.

கண்ணுக்குத் தெரியாம இருக்கிறது சூப்புத் தண்ணியில்தான். புத்தாண்டுக்குக் குடிக்கிற தோக்குக் (அரிசி மாவுத் துண்டு போட்ட சூப்பு), பிறந்தநாளுக்கு வைக்கிற கடற்பாசி சூப்பு ரெண்டும் வழக்கமா மாட்டெலும்பிலோ இறைச்சியிலோ கொதிக்கும். கடையில் வாங்குற சூப்புத் தூளும் பெரும்பாலும் அதே வாசம். மகள் தானே தண்ணி காய்ச்சிக்கலாம். நாலு பேருக்கு 2 லிட்டர் தண்ணி, பெரிய காய்ந்த நெத்திலி 15, ஒரு கை அகலக் காய்ந்த 'தாசிமா' கடற்பாசித் துண்டு. நெத்திலித் தலையும் கறுப்புக் குடலும் எடுக்காட்டி கசக்கும். கொதி வந்ததும் கடற்பாசியை எடுத்துடணும், விட்டா வழவழப்பு இறங்கும். நெத்திலி இன்னும் 10 நிமிஷம். தோக்குக்குக்கு 600 கிராம் அரிசி மாவுத் துண்டுகளை அரை மணி நேரம் ஊறவைச்சுப் போட்டு, மேலே மிதந்ததும் இறக்கிடணும். அடுப்பில் விட்டா கரைஞ்சு கஞ்சியாயிடும். சைவம்னா நெத்திலிக்குப் பதில் காய்ந்த ஷீட்டாகே காளான் 6.

ஓரகத்தி

தோலுக்கு அக்கா: குழந்தைக்கு அவங்க பாரம்பரிய உடையான பட்டு ஹான்போக் உடுத்தி, முன்னாடி நூல், அரிசி, காசு, புத்தகம், பென்சில் பரப்பி எதை எடுக்குதுன்னு பார்ப்பாங்க. நூல் எடுத்தா நீண்ட ஆயுசு. பாட்டி முறைக்குத் தங்க மோதிரம் போடுறது வழக்கம். ஒரு 'தோன்' எடை, 3.75 கிராம், நம்ம அரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. இங்கிருந்தே வாங்கிட்டுப் போனா ரசீதைக் கைப்பையிலேயே வைச்சுக்குங்க. சிவப்புப் பயறு தூவின சோளமாவு (மக்காச்சோளம் இல்லை) உருண்டையும் வைப்பாங்க, கண்ணேறு போக. நம்ம திருஷ்டி சுத்துறதை நீங்களும் அன்னிக்கே செய்யலாம், அவங்களுக்கு உடனே புரியும்.

சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கும்போது நாலு வகையா வைக்காதீங்க, நாலு அங்கே ஆகாத எண். மூணோ அஞ்சோ வைங்க. வயசானவங்களுக்குக் கெட்டி முறுக்கை விட அதிரசம் பிடிக்கும். எண்ணெயில் சுட்டுத் தேன் பாகில் ஊறவைக்கிற 'யாக்குவா' என்று அதே சாயலில் ஒண்ணு அவங்ககிட்டயும் இருக்கு. அதிரசத்தை ரெண்டு நாள் முன்னாடியே சுட்டு, எண்ணெய் வடியவிட்டு, காகிதம் விரிச்ச டின்னில் அடுக்கி ரெண்டு கையாலும் கொடுங்க.