கட்டுமான நிறுவனம் திவால் நடவடிக்கையில்: பாதியில் நிற்கும் வீட்டுக்கு என்ன வழி?

கேள்வி

வணக்கம். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கியிருக்கிறேன். யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத மனைப் பங்கு என் பெயரில் பத்திரப்பதிவாகிவிட்டது. கட்டுமான ஒப்பந்தம் தனி. தளங்கள் எல்லாம் எழும்பிவிட்டன, சுவர் வேலை பாதியில் நிற்கிறது. வீட்டுக் கடனில் பெரும்பகுதியை வங்கி ஏற்கெனவே விடுவித்துவிட்டது.

இப்போது தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் நிறுவனத்தின் மீதான திவால் மனுவை ஏற்றுக்கொண்டு, இடைக்காலத் தீர்வு நிபுணர் ஒருவரை நியமித்திருப்பதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வந்திருக்கிறது. பழைய விற்பனை மேலாளரோ தொலைபேசியில் அழைத்து, "அடுத்த தவணையைக் கட்டிவிடுங்கள், வேலையை முடித்துத் தருகிறோம்" என்கிறார். வாங்கியவர்களில் சிலர் ரெரா எனப்படும் கட்டுமான ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம் என்கிறார்கள். சிலர் வங்கித் தவணையை நிறுத்தலாம் என்கிறார்கள். நிலம் என் பெயரில் இருப்பதால் எனக்குப் பயமில்லையா? முதலில் எதைச் செய்வது?

பதில்: வீடு வாங்கியோர் சங்கம் ஒன்றின் செயலாளர்

ஐயா, மேலாளருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து நிர்வாகம் முழுவதும் தீர்வு நிபுணர் கையில்தான். பழைய இயக்குநர்களுக்கோ அவர்கள் ஆட்களுக்கோ பணம் வாங்கும் அதிகாரம் இல்லை. அப்படிக் கொடுத்த பணம் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அடுத்தது, உரிமைக் கோரிக்கை. அதாவது, நிறுவனம் உங்களுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தீர்வு நிபுணரிடம் எழுத்தில் கொடுப்பது. எல்லாவற்றையும் விட இதுதான் அவசரம். பத்திரிகை அறிவிப்பில் ஒரு கடைசித் தேதி இருக்கும். நிபுணர் நியமிக்கப்பட்ட நாளிலிருந்து பொதுவாக 14 நாள். வீடு வாங்கியோருக்கு உரிய படிவம் சி.ஏ. அதை நிரப்பி ஒதுக்கீட்டுக் கடிதம், ஒப்பந்தம், ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். வங்கி நேரடியாக நிறுவனத்துக்குச் செலுத்திய தொகையும் நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கடன்தான், அதை விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு வட்டி சொல்லப்படவில்லையென்றால் ஆண்டுக்கு 8 சதவீதம் வட்டி சேர்த்துத்தான் உங்கள் வாக்குப் பங்கு கணக்கிடப்படும். தேதி தவறியவர்களுக்கும் மனு ஏற்கப்பட்டதிலிருந்து 90 நாள் வரை வழி இருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பட்டியலில் பெயர் ஏறும்வரை உங்களுக்கு வாக்கு இல்லை.

அதே படிவத்தில் மூன்று நிபுணர்களின் பெயரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பலர் இதைக் கவனிக்காமல் ஏதோ ஒன்றைக் குறித்துவிடுகிறார்கள். நிறுவனத்தை என்ன செய்வது என்று வாக்களித்து முடிவு செய்யும் கடன் கொடுத்தோர் குழுவில் வீடு வாங்கிய அனைவருக்காகவும் உட்காரப்போகிற பிரதிநிதி அவர். முன்பே கூடிப் பேசி, விசாரித்து, ஒரே பெயரைக் குறியுங்கள்.

2018-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் வீடு வாங்கியோர் நிதிக் கடன் கொடுத்தோராக ஏற்கப்பட்டார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வங்கிகளோடு ஒரே மேசையில் உட்காரும் இந்த உரிமை எளிதாகக் கிடைத்ததல்ல. ஆனால் வாக்களிக்க வருபவர்கள் குறைவு. வீடு வாங்கியோரில் வாக்களித்தவர்களின் பங்கில் பாதிக்கு மேல் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துக்கே பிரதிநிதி எல்லோருடைய வாக்கையும் போடுவார். நீங்கள் பேசாமல் இருந்தால், வந்து வாக்களித்த சிலர் உங்கள் வீட்டின் தலைவிதியை முடிவு செய்துவிடுவார்கள். வாக்கு மின்னஞ்சல் வழியாக வரும். படிவத்தில் கொடுத்த முகவரியைத் தவறாமல் பாருங்கள்.

பதில்: வழக்கறிஞர்

நிலம் பற்றிக் கேட்டீர்கள். பதிவான பிரிபடாத பங்கு உங்கள் சொத்து. நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது. தமிழ்நாட்டில் பங்கை முதலில் பதிவு செய்துவந்த பழக்கம் இந்த வகையில் நல்லது. ஆனால் பாதுகாப்பு அதோடு முடிந்துவிடுவதில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மொத்த மனையையும் நிறுவனம் ஏதேனும் நிதி நிறுவனத்திடம் அடமானம் வைத்திருக்கலாம். அந்த அடமானம் உங்கள் பத்திரத்துக்கு முந்தையதா, உங்கள் பங்கை விடுவித்துத் தடையின்மைக் கடிதம் கொடுத்திருக்கிறார்களா என்பது முக்கியம். நில உரிமையாளரும் நிறுவனமும் சேர்ந்து கட்டும் கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம் என்றால், நில உரிமையாளர் நிறுவனத்துக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பங்கு உங்களுடையது என்றாலும் கட்டடம் முடியாமல் அதில் குடியிருக்க முடியாதே. அதனால் நிலம் இருக்கிறதென்று கோரிக்கை கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

ரெரா பற்றி: திவால் மனு ஏற்கப்பட்டதும் நிறுவனத்தின் மீதான வழக்குகளுக்கும் வசூல் நடவடிக்கைகளுக்கும் தடை வந்துவிடும். இப்போது புதிதாக ரெராவுக்குப் போய்ப் பணம் வசூலிக்க முடியாது. ஏற்கெனவே ரெரா உத்தரவு வாங்கியவர்களும் படிவம் சி.ஏ.-வையே கொடுக்க வேண்டும். உத்தரவு வாங்கியதால் அவர்கள் வேறு வகைக் கடன் கொடுத்தோர் ஆகிவிட மாட்டார்கள் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தத் தடை நிறுவனத்துக்குத்தான். மோசடி நடந்திருந்தால் இயக்குநர்கள் மீது தனியாக நடவடிக்கை எடுப்பதை அது தடுக்காது. ரெரா பதிவுள்ள திட்டமானால், உங்களிடம் வாங்கிய பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கின் விவரத்தைத் தீர்வு நிபுணரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பதில்: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்

தம்பி, மாதத் தவணையை நிறுத்தாதீர்கள். கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலானது. கட்டியவர் நொடித்துப்போனாலும் அது அப்படியே நிற்கும். நிறுத்தினால் உங்கள் கடன் மதிப்பெண் கெடும், அபராத வட்டி ஏறும். நிறுத்தச் சொல்ல வேண்டியது வேறொன்று: இனிமேல் நிறுவனத்துக்கு எந்தத் தொகையும் விடுவிக்கக் கூடாது என்று வங்கிக் கிளைக்கு இன்றே எழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்குங்கள். நீங்கள், வங்கி, நிறுவனம் மூவரும் கையெழுத்திட்ட முத்தரப்பு ஒப்பந்தம் இருந்தால் எடுத்துப் படியுங்கள். நிறுவனம் தவறினால் வட்டியை யார் கட்டுவது என்று சிலவற்றில் இருக்கும்.

இடையில் ஒரு கேள்வி

எங்கள் நிலை கொஞ்சம் வேறு. குடிவந்துவிட்டோம். நிறைவுச் சான்றிதழ் வரவில்லை, பராமரிப்பு வைப்புத்தொகை நிறுவனத்திடமே இருக்கிறது. மேல்தளத்தில் நீர்க்கசிவு வேறு. நிறுவனம் இப்போது கலைப்புக்கே, அதாவது சொத்துகளை விற்று மூடும் நிலைக்கே, போய்விட்டது. எங்களை வெளியேற்றிவிடுவார்களா?

பதில்: வழக்கறிஞர்

இல்லை அம்மா. வீடு வாங்கியவரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்ட வீடு கலைப்புச் சொத்தில் சேராது என்று கலைப்பு விதிமுறைகளே சொல்கின்றன. ஒப்படைப்புக் கடிதம், மின் இணைப்பு, சொத்து வரி ரசீது ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். வைப்புத்தொகைக்கும், நீர்க்கசிவைச் சரிசெய்யும் செலவுக்கும் கலைப்பாளரிடம் கோரிக்கை கொடுங்கள். அறிவிப்பில் 30 நாள் அவகாசம் இருக்கும். ரெரா சட்டப்படி கட்டமைப்புக் குறைகளை 5 ஆண்டுகளுக்குக் கட்டியவரே சரிசெய்து தர வேண்டும். ஆனால் கலைப்பில் இருக்கும் நிறுவனம் கொத்தனாரை அனுப்பாது. உங்கள் உரிமை பணக் கோரிக்கையாக மாறிவிடுகிறது, அதுவும் வரிசையில் பின்னால் நிற்கிறது. கலைப்புச் செலவு, தொழிலாளர் பாக்கி, ஈடு பெற்றுக் கடன் கொடுத்தோர் என்று பலரைத் தாண்டித்தான் அது வரும். எனவே பழுதைச் சங்கமே செய்துகொள்ளுங்கள். முன்னதாக ஒரு பொறியாளரின் அறிக்கையும் படங்களும் எடுத்துவையுங்கள்.

இதைவிட அவசரம் காகிதங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், கட்டமைப்பு வரைபடங்கள், மின்தூக்கி உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவை நிறுவன அலுவலகத்தில் இருந்தால் கலைப்பாளரிடம் உடனே கேட்டு வாங்குங்கள். அலுவலகம் காலியான பின் இவற்றைத் தேடுவது பெரும்பாடு. மின்தூக்கி, மோட்டார், ஜெனரேட்டர் தயாரித்தவர்களின் உத்தரவாதம் காலாவதியாகவில்லையென்றால் அவர்களையே நேரடியாக அணுகலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். எங்களில் பாதிப் பேர் பணம் திரும்ப வேண்டும் என்கிறார்கள், பாதிப் பேர் வீடு வேண்டும் என்கிறார்கள். எது நல்லது?

பதில்: வீடு வாங்கியோர் சங்கச் செயலாளர்

வீட்டைக் கேளுங்கள் ஐயா. கட்டடம் இவ்வளவு எழும்பியிருக்கும்போது வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. நிறுவனத்திடம் பணம் இருந்திருந்தால் இந்த நிலையே வந்திருக்காது. நிறுவனத்தை எடுத்து நடத்த முன்வருபவர் தரும் தீர்வுத் திட்டம் நிறைவேறக் கடன் கொடுத்தோர் குழுவில் 66 சதவீத வாக்கு வேண்டும். வீடு வாங்கியோர் இரண்டாகப் பிரிந்து ஒரு திட்டமும் தேறாமல், மனு ஏற்கப்பட்டதிலிருந்து 330 நாள் ஓடிவிட்டால் அடுத்தது கலைப்புதான். மேலே வழக்கறிஞர் சொன்ன வரிசையில் வெறும் பணம் கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். உடல்நலம், வயது காரணமாக உண்மையிலேயே காத்திருக்க முடியாதவர்களுக்குத் திட்டத்திலேயே பணம் திருப்பித் தரும் பிரிவு ஒன்றைக் கேட்கலாம். அதற்கு மற்றவர்களும் துணை நிற்க வேண்டும்.

சங்கத்தைப் பதிவு செய்துவிடுங்கள். மீதி வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று சுதந்திரமான பொறியாளர் ஒருவரைக் கொண்டு மதிப்பீடு எடுங்கள். அது கையில் இருந்தால், திட்டத்தோடு வருபவர் கூடுதல் பணம் கேட்கும்போது எது நியாயம் என்று உங்களால் சொல்ல முடியும்.

கோரிக்கையை அனுப்பிய பிறகு, தீர்வு நிபுணர் வெளியிடும் கடன் கொடுத்தோர் பட்டியலில் உங்கள் பெயரையும் தொகையையும் சரிபாருங்கள். குறைவாக இருந்தால் ரசீதைச் சேர்த்து உடனே எழுதுங்கள், அவர் திருத்தலாம். மறுத்தால் தீர்ப்பாயத்தில் மனு போடலாம்.