மறுமொழி: மெட்டல் டிடெக்டரின் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ தமிழில்?

அன்புடையீர்,
மிதிவெடி அகற்றுவோருக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ என்ற இடத்தில் நிற்கிறேன். செம்மண்ணின் இரும்புக் கனிமமே கருவியை ஒலிக்க வைத்துவிடும். ஆனால் மண்ணிலிருந்து திரும்பும் அலையின் அவத்தை (phase; அனுப்பிய அலைக்கு அது எவ்வளவு பிந்துகிறது என்பது) வேறு, உலோகத்திலிருந்து திரும்புவதன் அவத்தை வேறு. மண்ணின் அவத்தையை அறிந்து அந்தப் பங்கைக் கருவி கழித்துவிடுகிறது. இதற்குத் ‘தரைச் சமன்’ சரியா?
— யாழ்ப்பாணம்

> தரைச் சமன்
மேடு பள்ளம் நிரவுகிறார்கள் என்றல்லவா நினைப்பார்கள்! சமன் வடசொல்லும்கூட. ‘மண் நிகர்ப்பு’ எனலாம். ‘நிகர்ப்ப’ தொல்காப்பியர் மெய்யுவமத்தில் (வடிவ ஒப்புமையில்) வைத்த உருபு.
— தஞ்சாவூர்

‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்’ என்ற வள்ளுவரையும் விலக்கிவிடலாமா, ஐயா? அது இருக்கட்டும். ‘அவத்தை’ என்றால் எங்கள் மாணவர்களுக்குப் படாத பாடு. பாடநூலில் ‘கட்டம்’ என்றே இருக்கிறது.
— மதுரை, இயற்பியல் ஆசிரியை

எங்கள் பாடநூலில் அவத்தைதான், அம்மா. கட்டம் என்றால் இங்கே பிள்ளைகள் சதுரம் வரைவார்கள்.
— யாழ்ப்பாணம்

களத்தில் வேலை செய்தவன் சொல்கிறேன். இங்கே இரண்டு செயல்கள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தி, உலோகமில்லாத இடத்தில் கருவியின் அடியிலுள்ள கம்பிச் சுருளை உயர்த்தித் தாழ்த்தினால், கருவி அந்த மண்ணுக்கு ஒருமுறை தன்னைப் பொருத்திக்கொண்டு நின்றுவிடும். மற்றது, நாம் நகர நகரத் தானே திருத்திக்கொண்டே வருவது. செம்மண் முடிந்து உவர்த் தரவை (உப்பு படிந்த வெளி) தொடங்கினால் அது உதவும். உப்பு ஈரம் மின்னைக் கடத்துவதால் அதன் அவத்தை வேறு. ஆனால் ஐயமான இடத்தின் மேலேயே சுருளை ஆட்டிக்கொண்டிருந்தால், அந்த உலோகத்தையும் மண் என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடக்கூடும். பிளாஸ்டிக் மிதிவெடியில் இருக்கும் உலோகமோ மிகச் சிறிது. இரண்டையும் ‘தானியங்கி’ என்று எழுதிவிடாதீர்கள்.
— கிளிநொச்சி

அப்படியானால் ‘மண் ஈடு’, ‘தொடர் மண் ஈடு’. நட்டஈடு தெரிந்தவருக்கு இதுவும் புரியும்.
— மதுரை

மண் ஈடா? காணியை அடகு வைத்ததுபோல் இருக்கிறது. திருவாய்மொழி உரைக்கு ‘ஈடு’ என்று பெயர் வந்த காரணத்திலேயே பல கருத்து உண்டு: ஒப்பு என்பார் உண்டு, கவசம் என்பார் உண்டு. கவசம் என்றே கொண்டால்…
— தஞ்சாவூர்

ஐயா, அச்சகத்தார் இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். அடகுக் குழப்பம் வராமல் ‘மண் ஈடுசெய்தல்’, ‘தொடர் மண் ஈடுசெய்தல்’ என்று விரித்தே போடுகிறேன். கருவியின் பொத்தானில் உள்ள ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் இருக்கும். பெரும்பாலோர் மறுக்கவில்லை என்று கொள்கிறேன். களத்தவர் சொன்ன எச்சரிக்கை தடித்த எழுத்தில், தனிப் பெட்டியில் வருகிறது.
— யாழ்ப்பாணம்

பெட்டிக்கு நன்றி. பயிற்சியில் நாங்கள் ‘மண் காட்டுதல்’ என்போம். அதை ஒருவரும் கேட்கவில்லை.
— கிளிநொச்சி

நான் மறுக்கிறேன். நிகர்ப்பு பற்றிய விரிவான மடல் நாளை.
— தஞ்சாவூர்