சட்டைப்பையில் பகடை: வீட்டில் எப்படிச் சொல்வது?

கணக்குப்பிள்ளை:
எனக்கு வயது 43. குரோம்பேட்டையில் ஓர் இரும்புச் சாமான் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளாக, ஒரு சனி விட்டு ஒரு சனி, மடிப்பாக்கத்தில் நண்பர் வீட்டு மாடியில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, உட்கார்ந்த இடத்திலேயே கதை சொல்லி ஆடும் விளையாட்டு. ஒரு பல் மருத்துவர், ஓர் இயற்பியல் ஆசிரியர், கணினி வேலையில் இருக்கும் இரண்டு இளைஞர்கள், நான்.

கதையை நடத்துபவர் அந்த இயற்பியல் ஆசிரியர். “இடிந்த கோட்டையின் வாசலில் நிற்கிறீர்கள், உள்ளிருந்து புகை வாடை வருகிறது” என்பார். என்ன செய்வது என்று நாங்கள் சொல்ல வேண்டும். அது கைகூடுமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். என் பாத்திரம் உப்பு விற்கும் ஒரு குள்ளன், பெயர் உமணன். கோடரியும் வைத்திருக்கிறான். குழுவின் பொற்காசுக் கணக்கு என் பொறுப்பு. பேரேட்டில் பற்று வரவு போட்டுத்தான் எழுதுகிறேன். தொழில் விடுமா?

வீட்டில் இதுவரை சொல்லி வந்தது, ‘ஜிஎஸ்டி வகுப்பு’. மூன்று ஆண்டுகளாக ஜிஎஸ்டி படித்தும் தேறாத கணக்கர் நான் ஒருவன்தான் இருப்பேன்.

போன வாரம் துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து பகடை விழுந்தது. நெல்லிக்காய் அளவு, கருநீல நிறம். எடுத்தவர் அம்மா. அவருக்குச் செய்யாறு பக்கம். தருமராஜா நாட்டையும் தம்பிகளையும் பெண்டாட்டியையும் வைத்துத் தோற்பதை ஆண்டுதோறும் திரௌபதி அம்மன் கோவில் கூத்தில் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர். போதாததற்கு, என் பெரியப்பா சீட்டாட்டத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சையை விட்டவர். அம்மா பகடையை என் முன்னால் வைத்தார், ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை.

வேறு வழியில்லாமல் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள். அவர் ஒரு காதுகுத்து விழாவில், பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி, “அத்தான், எங்கள் பையன் யூகேஜி ஆண்டு விழாவில் முயலாக நடிக்கிறான். அவனையும் உங்கள் கோஷ்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்றார். அதே மனிதர் கிரிக்கெட் ஆட்டத்துக்காக முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு சேப்பாக்கம் போகிறவர்.

அம்மாவுக்குச் சூதாடி, மைத்துனருக்குக் குழந்தை. இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தாமரைக்குளம்:
முதலில் அந்த ஜிஎஸ்டி வகுப்பை மூடுங்கள் சார். ஒளித்து வைத்த எதுவும் சூதாகத்தான் தெரியும்.

ஏரிக்கரைப் பெரியவர்:
தம்பி, நான் மேல்படிப்புக்காக 1986-இல் மிச்சிகன் வந்தவன். அப்போது இந்த விளையாட்டு வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கியது. 1974-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளியானது.

இங்கே இதற்குக் கெட்ட பெயர் வந்த கதை வேறு. 1979-இல் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் 16 வயது மாணவன் ஒருவன் காணாமல் போனான். விளையாட்டு முற்றிப்போய், கட்டடங்களுக்கு அடியில் நீராவிக் குழாய்கள் ஓடும் சுரங்கத்தில் தொலைந்துவிட்டான் என்ற பேச்சு பத்திரிகைகளில் பற்றிக்கொண்டது. பையனுக்கு இருந்தது மனச்சோர்வு. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து லூசியானாவில் கண்டுபிடித்தார்கள். பழி மட்டும் விளையாட்டின் மேலேயே நின்றுவிட்டது. அடுத்து, தற்கொலை செய்துகொண்ட மகனைப் பறிகொடுத்த வர்ஜீனியாத் தாய் ஒருவர், இதுதான் காரணம் என்று நம்பி 1983-இல் இயக்கமே தொடங்கினார். சாத்தான் வழிபாடு என்றார்கள். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற சொற்களையே நிறுவனம் எடுத்துவிட்டு வேறு பெயர் சூட்டியது என்றால் பாருங்கள்.

என் அறைத்தோழன் ஆடுவான். வீட்டுக்காரப் பாட்டி ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். அவர் வாடகை வாங்க வரும்போது புத்தகங்களை என் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைப்பான். எனக்கு அப்போது சாத்தானைவிட விசாவின் மேல்தான் பயம், ஆகவே நான் ஆட உட்காரவில்லை. உட்கார்ந்தது 51 வயதில், மகள் கூப்பிட்டபோது.

அந்தப் பாட்டிக்கு நரக பயம், உங்கள் அம்மாவுக்கு நஞ்சை பயம். அம்மாவின் பயத்தில் கொஞ்சம் கணக்காவது இருக்கிறது. அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு மனைவி:
என் வீட்டுக்காரரும் ஆடுகிறார். பாதாளத்தில் டிராகன் என்ன செய்தது என்று இரவு பதினொரு மணிக்கு வந்து சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாலை நான்கு மணியிலிருந்து அந்த நேரம் வரை பிள்ளைகளின் பாடமும் மாமியாரின் மாத்திரையும் என் தலையில். ஊரார் சிரிப்பதைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் கணக்குப்பிள்ளை அவர்களே. மூன்று ஆண்டுச் சனிக்கிழமைகளைப் பற்றி உங்கள் மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லையே?

திருவல்லிக்கேணிப் பேத்தி:
எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கப் பரமபதம் விரிப்போம். பெரிய பாம்பு கொத்தி முதல் வரிசைக்கு இறங்கிவிட்டதற்காக, எழுபத்திரண்டு வயதில் என் பாட்டி உண்மையாகவே அழுதிருக்கிறாள். யாரும் அவளைக் குழந்தை என்று சொல்லவில்லை. உங்கள் அம்மா தாயம் ஆடியதே இல்லையா? பகடையை அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்களேன்.

கணக்குப்பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. ‘ஒரு மனைவி’ கேட்டது சுருக்கென்று தைத்தது. என் மனைவியிடம் கேட்டேன். “விளையாட்டுக்கு நான் என்ன சொல்ல? மூன்று வருஷம் வகுப்புக்கு என்று டிபன் கட்டிக் கொடுத்தேனே, அதற்குப் பதில் சொல்லுங்கள்” என்றாள். பதில் இருந்தால் தானே.

அம்மாவிடம் பகடையைக் கொடுத்தேன். சிறுமியாக இருந்தபோது கோடை விடுமுறை முழுக்கத் திண்ணையில் தாயம்தானாம். இந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார்.

“இதில் தாயம் எது?”

“தாயமெல்லாம் இல்லை அம்மா. இருபது விழுந்தால் நல்லது. அடிக்கப் போகும்போது ஒன்று விழுந்தால் அடி தப்பிவிடும்.”

“ஒன்று விழுந்தால் தப்பிவிடுமா? ஒன்று விழுந்தால்தானே காயே இறங்கும்! தலைகீழாக ஆடுகிறீர்கள்” என்று உருட்டினார். பதினேழு. உமணன் வாசலில் நின்ற பூதத்தை வெட்டிவிட்டான் என்றேன். மறுபடியும் உருட்டினார். பிறகு, காசு எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டார். பேரேட்டைக் காட்டினேன்: வரவு 1,140 பொற்காசு, செலவு கயிறும் விளக்கெண்ணெயும். பக்கம் பக்கமாகப் புரட்டினார். “உன் பெரியப்பாவும் முதலில் புளியங்கொட்டை வைத்துத்தான் ஆரம்பித்தார்” என்று மூடி வைத்தார்.

அடுத்த ஆட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில். மனைவியின் நிபந்தனைப்படி ஒன்பது மணிக்கு முடிக்க வேண்டும், காபி நாங்களே போட்டுக்கொள்ள வேண்டும், அதற்கடுத்த சனிக்கிழமை முழுவதும் அவளுக்கு. அம்மா தன் நாற்காலியை வாசற்பக்கம் போட்டுக்கொள்வாராம். யாராவது பர்ஸை வெளியே எடுத்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது என்று சொல்லியிருக்கிறார். பல் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டேன். அவர்தான் பர்ஸைத் திறந்து பேத்தியின் படத்தைக் காட்டிக்கொண்டிருப்பவர்.