எண்ணூர் கழியில் 18 அடி ஃபைபர் படகு: ஏறி இறங்க எந்த ஏணி வாங்கலாம்?

முகத்துவாரம்_வடக்கு:

வணக்கம். முகத்துவாரத்திலிருந்து கொசஸ்தலை ஆத்துக்குள்ள போய் பரிசோதனைக்குத் தண்ணி சாம்பிள் எடுக்கவும், அலையாத்தி நாத்து நடவும் ஒரு ஃபைபர் படகு இருக்கு. நீளம் 18 அடி, அகலம் 5 அடி, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். ஆள் ஏறாதப்போ தண்ணி மட்டத்திலிருந்து விளிம்பு 55 செ.மீ. உயரம். ஒரு நடைக்கு 5 பேர். அதில் ரெண்டு பேர் 60 வயசு தாண்டினவங்க, ஒருத்தருக்கு முட்டி சரியா மடங்காது.

ஏறுற இடம் ரெண்டு. ஒண்ணு சிமெண்ட் படிக்கட்டு, கீழ்ப் படிகள்ல பாசியும் சிப்பியும். இன்னொண்ணு வெறும் சேத்துக்கரை. கடையில கயிறு ஏணியும், விளிம்புல மாட்டுற அலுமினியக் கொக்கி ஏணியும் காட்டுறாங்க. யாராவது தண்ணியில விழுந்தா திரும்ப ஏத்தவும் அதுவே உதவணும். எதை வாங்கலாம்?

காசிமேடு_கயிறு:

படிக்கட்டுல ஏறுறதுக்கு ஏணியே தேவையில்லைங்க. அங்க ஆள் விழறதுக்குக் காரணம் உயரம் இல்லை, படகு நகர்றது. ஒரு காலை உள்ள வச்சு, கரையில இருக்கிற காலால உந்தும்போது படகு வெளிய போகும். அணியத்துல, அதாவது படகோட முன்முனையில மட்டும் கட்டியிருந்தா பின்பக்கம் அப்படியே விலகும். அதனால முதல் செலவு கயித்துக்குப் பண்ணுங்க.

12 மி.மீ. நைலான் கயிறு, மூணு துண்டு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மூணாவது, அணியத்திலிருந்து பின்பக்கமா சாய்வா கரை வளையத்துக்குப் போகணும். படகு முன்னால ஓடாம பிடிக்கிறது இதுதான். நீல பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். வெயில்ல நார் நாரா உதிரும், முடிச்சு வழுக்கும், அறுந்தா மிதந்து புரொப்பல்லர்ல சுத்தும்.

படகுக்கும் படிக்கும் நடுவுல பழைய ஸ்கூட்டர் டயர் கட்டுறது நம்ம ஊர் வழக்கம். நல்லதுதான், ஆனா ரெண்டு டயரை ஒண்ணுமேல ஒண்ணு கட்டாதீங்க. இடைவெளி கூடிப்போய் முட்டி மடங்காதவர் எட்டி வைக்கணும்.

எந்தப் படியில ஏறணும்கிறதை அன்னிக்குத் தண்ணி சொல்லும். சென்னைக் கடல்ல அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். கழிக்குள்ள அது குறையும், நேரமும் தள்ளிப்போகும். அதனால துறைமுக அட்டவணையை அப்படியே நம்பாம படிக்கட்டுச் சுவர்ல பெயிண்ட்ல அளவுக்கோடு போட்டு வச்சுக்குங்க. படகு விளிம்பும் நிக்கிற படியும் ஏறக்குறைய ஒரே மட்டத்துல வர்ற நேரம் பாத்து ஏத்துங்க. பாசிப் படியில கால் வைக்கிற அளவுக்குத் தண்ணி வத்திடுச்சுன்னா வயசானவங்களை இறக்க வேண்டாம், காத்திருக்கலாம்.

பட்டறை_எஃப்ஆர்பி:

கயிறு பத்தி அண்ணன் சொன்னது சரி. அதோட ரெண்டு சாமான் சேத்துக்குங்க.

ஒண்ணு, நின்ன நிலையில பிடிக்க ஒரு கம்பி. ஏறுற இடத்துக்குப் பக்கத்துல, விளிம்புக்கு மேல 80–90 செ.மீ. நிக்கிற மாதிரி 25 மி.மீ. ஸ்டெயின்லெஸ் குழாய், தேவையில்லாதப்போ கழட்டிக்கிற சாக்கெட்டோட. உள்ள இருக்கிறவர் கை நீட்டி இழுக்கிறதை விட இது பத்து மடங்கு மேல். ஈரக் கையை ஈரக் கை பிடிச்சா நழுவும். ஆள் பிடிச்சே ஆகணும்னா மணிக்கட்டை மணிக்கட்டு பிடிக்கணும்.

ரெண்டாவது, உள்ள இறங்க ஒரு படி. விளிம்பிலிருந்து தரை வரைக்கும் உங்க படகுல அரை மீட்டர் கிட்ட இருக்கும், முட்டி வலிக்காரருக்கு அதுதான் ஆபத்து. மீன் கிரேட்டைக் கவுத்துப் போடுறாங்க, அது வழுக்கிட்டுப் போகும். 20–25 செ.மீ. உயர மரப்பெட்டி அடிச்சு, நாலு மூலையிலயும் ரப்பர் ஒட்டி, தரையில ஒரு கொக்கியில மாட்டிடுங்க. மேல எபாக்ஸி பூசி, காயறதுக்கு முன்ன சலிச்ச மணல் தூவி, அது மேல இன்னொரு பூச்சு. தேங்காய்நார் மிதியடி போடாதீங்க, நனைஞ்சா மிதியடியே நகரும்.

தண்ணியிலிருந்து ஏற, எஞ்சின் மாட்டுற பின்பலகையில மடக்கி நீட்டுற ஸ்டெயின்லெஸ் ஏணி. கடையில ரெண்டு படி உள்ளது மலிவா கிடைக்கும், வாங்காதீங்க. கடைசிப் படி தண்ணிக்குக் கீழ குறைஞ்சது 55–60 செ.மீ. போகணும். அதுக்கு மேல இருந்தா மிதக்கிறவர் காலைத் தூக்கி வைக்கவே முடியாது, கையால மட்டும் உடம்பை இழுக்கணும். நனைஞ்ச துணியோட அது இளவட்டத்துக்கே கஷ்டம். உங்களுக்கு நாலு படி ஏணி.

மாட்டுறதுல நிறையப் பேர் கோட்டை விடுவாங்க. தானா துளைக்கிற ஸ்க்ரூ போட்டா ஒரு ஆள் எடையில பிடுங்கிட்டு வரும். 8 மி.மீ. போல்ட், ஊடுருவி, உள்பக்கம் அகலமான தகடு வச்சு. எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ், 304 தரம் உப்புத் தண்ணியில புள்ளி புள்ளியா அரிக்கும். பின்பலகைக்குள்ள பிளைவுட் இருக்கும். துளையை முதல்ல 12 மி.மீ. அளவுக்குப் பெருசா போட்டு, எபாக்ஸி நிரப்பி, இறுகினப்புறம் 8-க்குத் துளைச்சு, தண்ணி புகாத பாலியூரித்தேன் சீலண்ட் வச்சு முறுக்குங்க. நேரா துளைச்சா தண்ணி பிளைவுட்ல இறங்கி, கொஞ்ச காலத்துல எஞ்சினே ஆடும். போல்ட் போடுறதுக்கு முன்ன எஞ்சினை முழுசா ரெண்டு பக்கமும் திருப்பி, தூக்கிப் பாத்து ஏணியில இடிக்குதான்னு பாருங்க.

துறைமுகம்_1:

இவ்வளவு எதுக்கு? கயிறு ஏணி போதும். பெரிய கப்பல்லயே, துறைமுகத்துக்குள்ள வழிகாட்ட வர்ற பைலட்டு அதுலதானே ஏறுறாரு.

பட்டறை_எஃப்ஆர்பி:

சார், பைலட் ஏணி வேற சாமான். தட்டையான மரப்படிகள், படிக்குப் படி 31–35 செ.மீ., முறுக்கிக்காம இருக்க நடுவுல நீளப்பலகை. அதுவும் செங்குத்தான கப்பல் சுவர்ல சாஞ்சு நிக்கும். சின்னப் படகுல பக்கவாட்டு கீழ போகப் போக உள்வாங்கும். கயிறு ஏணியில கால் வச்சதும் கால் படகுக்கு அடியில போயிடும், உடம்பு மல்லாக்க சாயும். பக்கவாட்டுல மாட்டணும்னா கொக்கி ஏணியே வாங்கலாம். ஆனா ஏணிக்கும் படகுச் சுவருக்கும் நடுவுல 10 செ.மீ. தள்ளி நிறுத்துற ரப்பர் கட்டை இருக்கணும், இல்லேன்னா கால்விரல் நுழையாது.

முகத்துவாரம்_வடக்கு:

நன்றி அண்ணே. ரெண்டு சந்தேகம். சேத்துக்கரையில கொக்கி ஏணியை ஊணி ஏத்தலாமா? விழுந்தவருக்கு ஏணியில ஏறவே தெம்பு இல்லேன்னா?

காசிமேடு_கயிறு:

ஊணாதீங்க. அங்க அடியில வெறும் சேறு இல்லை, அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு கூழா கிடக்கு. ஒரு ஆள் ஏறினா ஒரு கால் மட்டும் இறங்கி ஏணி திரும்பும். அணியத்தைச் சேத்துல முட்டவிட்டு, பலகை போடுங்க: 2 மீட்டர் நீளம், 30 செ.மீ. அகலம், 4 செ.மீ. கனம், 30 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம். படகுப் பக்கம் கயித்தால கட்டுங்க. கரைப் பக்கம் சரக்கு அடுக்குற பிளாஸ்டிக் பேலட் ஒண்ணு போட்டு அது மேல பலகை நகரட்டும். ரெண்டு முனையையும் இறுக்கினா, பெரிய போட்டு போகிற அலையில பலகை முறியும். ஒரு நேரம் ஒருத்தர். மத்தவங்க உக்காந்து இருக்கணும், பின்பக்கமா.

தெம்பு இல்லாதவருக்கு வலை. 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், கனமான பழைய இழுவலைத் துண்டு. நரம்பு வலை ஆகாது, விரல் சிக்கும், தோலை அறுக்கும். நீள ஓரத்தை உள்பக்கம் ரெண்டு இடத்துல கட்டி, மீதியை வெளிய தொங்கவிட்டு, ஆளைப் படகுக்கு இணையா வலைக்குள்ள கொண்டுவரணும். அப்புறம் வெளி ஓரத்தை ரெண்டு பேர் மேல இழுத்தா ஆள் உருண்டு உள்ள வருவார். தூக்குற எடை பாதியாகும். இழுக்கிற ரெண்டு பேரும் மண்டி போட்டு இழுக்கணும், மீதிப் பேர் எதிர்ப்பக்கம் தரையில உக்காரணும். 5 அடி அகலப் படகுல எல்லாரும் ஒரே பக்கம் எட்டிப் பாத்தா கவுந்துடும்.

எஞ்சினை நியூட்ரல்ல விடாதீங்க, அணைச்சிடுங்க. ஏணி எஞ்சினுக்குப் பக்கத்துலதான் இருக்கு.

பட்டறை_எஃப்ஆர்பி:

லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது, மிதக்கவைக்கிற விசை 50 நியூட்டன்னு போட்டதை எடுக்காதீங்க, அது நீச்சல் தெரிஞ்சவருக்கு. 100 நியூட்டன், கால் இடுக்குல போற வார் உள்ளது. அந்த வார் இல்லேன்னா தோள்ல பிடிச்சு இழுக்கும்போது ஜாக்கெட் மட்டும் கழண்டு கையில வரும்.

ஏணி மடக்குற கொக்கி பல மாடல்ல உள்பக்கம் இருந்துதான் திறக்கும். தனியா விழுந்தவருக்கு அது எட்டாது. கொக்கியில ஒரு ஆரஞ்சு நாடா கட்டி, தண்ணிக்கு ஒரு சாண் மேல தொங்கவிடுங்க. இழுத்தா ஏணி விழுதான்னு, ஆழம் இடுப்பளவு உள்ள இடத்துல, ஜாக்கெட் போட்டுக்கிட்டு இறங்கிப் பாத்துக்குங்க. வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணி விட்டு அலசலேன்னா உப்பு ஏறி அந்தக் கொக்கிதான் முதல்ல இறுகும்.