ஐந்து ரோடு தூசியில் டயர் துகளைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: சேலம் ஐந்து ரோட்டில் கண்ணாடித் தட்டு வைத்துச் சேகரித்த தூசி. லிட்டருக்கு 360 கிராம் உப்பு போட்ட கரைசலில் நூலிழைகள் மிதக்கின்றன. கறுப்புத் துகள் மட்டும் அடியிலேயே தங்குகிறது. ஏன்?

பதில் 1: உப்புக் கரைசலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.2 கிராம்தான். டயர் துகளில் ரோட்டு மண் அப்பியிருப்பதால் 1.5ஐத் தாண்டிடும். ஜிங்க் குளோரைடு கரைசலின் அடர்த்தியை 1.8க்குக் கொண்டுவந்து, அதில் தூசியைப் போட்டு ஒரு ராத்திரி விடுங்க, கறுப்பும் மிதக்கும். அரிக்கும், கையுறை கட்டாயம். சாக்கடையில் ஊத்தாதீங்க, வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம்.

பதில் 2: முதலில் 30% ஹைட்ரஜன் பெராக்சைடில் சருகைக் கரைச்சிடுங்க. சூடு 60 டிகிரிக்கு மேல போனா நைலான் இழை கெடும். பாலியஸ்டர் சட்டையோட வேலை செஞ்சா உங்க சட்டை இழையைத்தான் எண்ணுவீங்க!

பதில் 3: மிதந்த கறுப்பை ஊசியால் அழுத்துங்க. டயர்னா நசுங்கி மீளும், கரின்னா பொடியும், தார்னா ஒட்டும். எஃப்டிஐஆரை (அகச்சிவப்புக் கதிரால் பொருளை அடையாளம் காணும் கருவி) நம்பாதீங்க, டயரில் உள்ள கார்பன் பிளாக் என்ற கரித்தூள் அந்தக் கதிரை விழுங்கிடும். ஏற்காடு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு தட்டு வையுங்க. பிரேக்கும் திருப்பமும் சேருற இடத்தில் தேய்மானம் அதிகம்.