கல்யாணத்துல "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" போட்டதைக் கேட்டவங்க இருக்கீங்களா?

போன மாசம் நியூஜெர்சில கூட வேலை பாக்குற அமெரிக்கப் பையனோட கல்யாணத்துக்குப் போயிருந்தோம், மாப்பிள்ளை பொண்ணு முதல் டான்ஸுக்கு டிஜே போட்டது விட்னி ஹூஸ்டனோட இந்தப் பாட்டு. ஹால்ல பாதிப் பேர் கண்ணைத் துடைக்கிறாங்க. நான் சும்மா இருந்திருக்கலாம், பக்கத்துல இருந்த வீட்டம்மாகிட்ட "இது பிரியுற பாட்டும்மா"ன்னு சொல்லி நல்லா முறைப்பு வாங்கினேன். ஆனா நிஜம் அதானே? இந்தப் பாட்டு வந்த 1992 'தி பாடிகார்ட்' படத்துலயே, பாடகியா நடிச்ச விட்னி ப்ளேன் கிளம்புற நேரத்துல நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடி வந்து, பாடிகார்டா நடிச்ச கெவின் காஸ்ட்னருக்கு முத்தம் கொடுத்துட்டு அவ அவ வழில போயிடுவா, சேரவே மாட்டாங்க. பாட்டு ஆரம்பிக்கிறதே நான் இருந்தா உனக்கு இடைஞ்சல்தான், அதனால கிளம்புறேன்னுதான். உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தா போடுங்க.

*

சார் நான் நாஷ்வில்ல ஆறு வருஷம் குப்பை கொட்டினவன். வந்த புதுசுல வீட்டு ஓனரம்மாகிட்ட இதை விட்னி பாட்டுன்னு சொல்லிட்டேன். எழுபது வயசு இருக்கும், உள்ள போய் ஒரு பழைய ரெக்கார்டை எடுத்துட்டு வந்து ஓட விட்டாங்க. கன்ட்ரின்னு சொல்ற அமெரிக்க கிராமிய இசைப் பாடகி டாலி பார்ட்டன் 1973ல எழுதி 1974ல வெளியிட்ட ஒரிஜினல். கத்தலே கிடையாது, பக்கத்துல உக்காந்து மெதுவா பேசுற மாதிரி இருக்கும்.

அன்னைக்குத்தான் தெரிஞ்சது, இது காதல் பாட்டே இல்ல, ரிசிக்னேஷன் லெட்டர்! போர்ட்டர் வேகனர்னு அந்தக் காலத்து பெரிய கன்ட்ரி பாடகர், அவரோட டிவி ஷோவுல 1967ல டாலி சேந்தாங்க. வளந்ததும் தனியா போகணும்னு கேட்டா மனுஷன் காதுலயே வாங்கல, தினம் சண்டை. பேசி ஜெயிக்க முடியாதுன்னு ஒரு நாள் ராத்திரி இதை எழுதி மறுநாள் அவர் ஆபீஸ்ல போய் பாடிக் காமிச்சாங்க. அவர் அழுதுட்டு, இந்த ரெக்கார்டை நான் தயாரிக்கிறதா இருந்தா நீ போகலாம்னாராம். (அதே மனுஷன் 1979ல இவங்க மேல கேஸ் போட்டார், அது தனிக்கதை.)

ஓனரம்மா கண்ணு பளபளன்னு சொன்னது ராக் பாட்டுல ராஜாவா இருந்த எல்விஸ் பிரெஸ்லி கதைதான். எல்விஸ் பாட ஆசைப்பட்டார், டாலி தலைகால் புரியாம இருந்தாங்க, அப்ப அவரோட மேனேஜர் கர்னல் பார்க்கர் பாட்டோட உரிமையில பாதி எழுதிக் கொடுன்னுட்டார். அழுதுகிட்டே முடியாதுன்னுட்டாங்க. எல்விஸுக்கே முடியாதுன்னு சொல்ல என்னா தைரியம் வேணும்! அப்ப கொடுத்திருந்தா விட்னி பாட்டு மூலமா வந்த பணத்துலயும் பாதி போயிருக்கும். அந்தக் காசுல நாஷ்வில்லயே கறுப்பின மக்கள் இருக்குற ஏரியால ஒரு ஆபீஸ் காம்ப்ளெக்ஸ் வாங்கினேன்னு டாலியே பின்னாடி பேட்டில சொல்லியிருக்காங்க.

*

ரிசிக்னேஷன் லெட்டர்னு தெரியாமலே நான் ஃபேர்வெல்ல பாடியிருக்கேன் 😂 மேனேஜர் நோட்டீஸ் பீரியட்ல ஒரு நாள் கூட குறைக்கல. போர்ட்டர் எவ்வளவோ மேல்.

*

கரோக்கில இதை எடுத்து மானம் போனவன் பேசுறேன். முதல் முக்கால் நிமிஷம் கிட்ட மியூசிக்கே இல்ல, வெறும் குரல், அங்க சுருதி எங்கயாவது நழுவினா பியானோ வரும்போது ஊரே சிரிக்கும். அதைத் தாண்டினாலும், சாக்ஸபோன் முடிஞ்சு எல்லாம் அடங்கி ஒரு டிரம் அடி விழுமே, அங்க ஸ்கேல் மேல ஏறும், நான் ஏறல.

அந்த வெறுங்குரல் ஐடியா காஸ்ட்னரோடது. ரேடியோல ஓடாதுன்னு பயந்தாங்க, அவர் பிடிச்ச பிடியில நின்னார். பாட்டைக் கொண்டு வந்ததும் அவர்தான், முதல்ல வேற ஒரு பழைய பாட்டு வெச்சிருந்தாங்க, அது அதுக்குள்ள இன்னொரு படத்துல வந்துருச்சு. அவர் கொடுத்தது லிண்டா ரான்ஸ்டாட் 1975ல பாடின வெர்ஷன், அதுல கடைசி சரணம் இல்ல. தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் டாலிக்கு போன் போட்டப்பதான் இன்னொரு சரணம் இருக்குன்னே தெரிஞ்சுது. உனக்கு நல்ல வாழ்க்கை அமையட்டும்னு வாழ்த்துற அந்த சரணம் இல்லாம பாட்டை நினைச்சுப் பாருங்க. அப்புறம் அமெரிக்கால 14 வாரம் நம்பர் ஒன். படத்துக்குன்னு எழுதின பாட்டு இல்லங்கறதால ஆஸ்கார் போட்டிக்கே போக முடியல, அதே படத்துல வேற ரெண்டு பாட்டு நாமினேட் ஆச்சு.

*

2012ல நான் நியூவார்க் பக்கம் இருந்தேன். பிப்ரவரி 11 விட்னி இறந்து போயிட்டாங்க, அடுத்த வாரம் அவங்க சின்ன வயசுல பாடின நியூ ஹோப் சர்ச்லதான் இறுதிச் சடங்கு. பக்கத்து வீட்டு அம்மா டிவில பாக்கக் கூப்பிட்டாங்க. பெட்டியைத் தோள்ல தூக்கினதும் இந்தப் பாட்டைப் போட்டாங்க. அந்த அம்மா சத்தத்தைக் குறைச்சுட்டாங்க, அவங்களால கேக்க முடியல. அதுக்கப்புறம் ரேடியோல வந்தா நானும் மாத்திடுவேன்.

*

எல்லாத்தையும் வீட்டம்மாவுக்குப் படிச்சுக் காமிச்சேன். கடைசியா நியூவார்க் கதையைக் கேட்டு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னா, "அந்தப் பையன்கிட்ட மட்டும் போய் சொல்லித் தொலைக்காதீங்க."